ஃபேர்லேண்ட்ஸில் ஜானெட் முட்டை

சேலத்தில் முட்டைப் பண்டம் விற்றுக் காசு பார்ப்பது லேசான காரியமில்லை. இங்கே சாப்பிட வருகிறவருக்கு முட்டையின் பண்ணை விலை தெரியும். நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். என்.இ.சி.சி. என்று எல்லோரும் சொல்லும் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அங்கே அறிவிக்கிற விலை, தங்கம் விலையோடு சேர்ந்து நாளிதழில் வந்துவிடும். பிருந்தாவன் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு வந்து உட்காருகிறவர், மெனுவைப் பார்த்ததும் மனக்கணக்குப் போடுவார். "ஏங்க, ரெண்டு முட்டைதானே? அதுக்கு இவ்வளவா?" காளான் விலையையோ பனீர் விலையையோ இப்படி யாரும் என்னிடம் கேட்டதில்லை. முட்டைக்கு மட்டும் கேட்பார்கள். கேட்பவரில் பாதிப் பேருக்கு ஒரு சித்தப்பாவோ மச்சானோ கோழிப்பண்ணை வைத்திருப்பார்.

எனக்கும் ஒரு மாமா இருக்கிறார். புதுச்சத்திரம் பக்கம் பண்ணை. அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

என் கடை ஃபேர்லேண்ட்ஸில், சாரதா கல்லூரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் இருக்கிறது. முன்னால் சில மேசைகள், பின்னால் அதைவிடப் பெரிய அடுப்படி. வருமானத்தில் பெரும்பங்கு வரவேற்பு, பிறந்தநாள், புதுமனைப் புகுவிழா ஆர்டர்களில் வருவது. அங்கே சாப்பாட்டுக்கு முன்னால் தட்டில் வைத்துச் சுற்றி வரும் 'ஸ்டார்ட்டர்' என் பொறுப்பு. அதில் முட்டையை வைத்துப் பெயர் வாங்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. காரணம் தொழில் கற்ற இடம்.

கேட்டரிங் படித்து முடித்ததும் பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் குளிர் பண்டங்கள் செய்யும் பக்கம் என்னை நிறுத்தினார்கள். 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனாலும், 1962இல் சட்டப்படியும் எல்லாம் கைமாறிவிட்டாலும், அந்த ஊர் அடுப்படிகளில் சில பழக்கங்கள் போகவில்லை. முதலாளியை 'முசே' என்பார்கள். புதிதாக வந்தவன் கையில் முதலில் கொடுப்பது வேகவைத்த முட்டைதான். உரிக்க வேண்டும், அறுக்க வேண்டும், மஞ்சள் கருவைச் சல்லடையில் தேய்க்க வேண்டும். எனக்கு மேலே இருந்த அண்ணன், "முட்டை உரிக்கிறதப் பாத்தே ஆளு தேறுவானா மாட்டானான்னு சொல்லிடலாம்டா" என்பார். சொல்லவும் செய்வார்.

பிரெஞ்சுக்காரர்களுக்குச் சாப்பாட்டின் தொடக்கத்தில் முட்டை வைப்பதில் ஒரு தனிப் பிரியம் உண்டு. எளியது முட்டை மயோனைஸ். பாதியாக அறுத்த வேகவைத்த முட்டை, மேலே கெட்டியான மயோனைஸ், அவ்வளவுதான். இதைக் காப்பாற்றப் பாரிஸில் ஒரு சங்கமே வைத்திருக்கிறார்கள். க்ளோத் லெபே என்ற உணவு விமர்சகர் ஆரம்பித்து வைத்தது. யார் நன்றாகச் செய்கிறார்கள் என்று போட்டி வைத்துப் பட்டமும் கொடுக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வேலைப்பாடு உள்ளது மிமோசா முட்டை. மஞ்சள் கருவை எடுத்து மயோனைஸுடன் பிசைந்து வெள்ளைக்குள் திரும்ப அடைத்து, மிச்சம் வைத்த மஞ்சள் கருவை மேலே சல்லடையால் தூவுவது. மிமோசா என்று அவர்கள் சொல்லும் மஞ்சள் பூ பூக்கிற மரத்தை வெள்ளைக்காரன் நம் நீலகிரியிலும் கொண்டுவந்து நட்டிருக்கிறான். ஊட்டிப் பக்கம் போகிறவர்கள் பூக்கிற காலத்தில் பார்த்திருப்பார்கள். பிறகு ஷிமே முட்டை. காளானைப் பொடியாக நறுக்கி வதக்கி, மஞ்சள் கருவோடு கலந்து அடைத்து, மேலே பாலாடைக்கட்டி சாஸ் ஊற்றி அடுப்பில் சிவக்க வைப்பது.

அடைத்த முட்டை பிரெஞ்சுக்காரனுக்கு மட்டும் சொந்தமில்லை. கொல்கத்தாவில் 'டிமேர் டெவில்' என்று ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து விற்கிறார்கள். மலபார் முஸ்லிம் வீடுகளிலும் முட்டையை நிறைத்துப் பொரிக்கிற பக்குவம் உண்டு. நம் பக்கம்தான் அது காணோம். இத்தனை கோடி முட்டை பிறக்கிற மண்ணில் முட்டையைத் திறந்து உள்ளே ஏதாவது வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. கலக்கி உண்டு, ஆப்பாயில் உண்டு, கரண்டி ஆம்லெட் உண்டு, தட்டுவடையை உடைத்துப் போட்ட முட்டை நொறுக்கல் உண்டு, பேக்கரியில் பாதி முட்டையை மறைத்து வைத்த எக் பப்ஸ் உண்டு. அடைத்த முட்டை இல்லை.

ஊர் திரும்பி ஃபேர்லேண்ட்ஸில் கடை போட்டபோது மிமோசாவைத்தான் முதலில் வைத்தேன். பார்க்க அழகு, தட்டில் எடுக்க வசதி. பெண்களும் பிள்ளைகளும் எடுத்தார்கள். வயதானவர்கள் ஒன்றைக் கடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, ஆனா சில்லுன்னு இருக்குதே" என்பார்கள். முட்டை என்றால் சூடாக இருக்க வேண்டும் என்பது இந்த ஊர் நாக்கு. ஆறிப்போன முட்டையில் கவுச்சி ஏறும் என்று அம்மா காலத்திலிருந்து சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள். அதில் உண்மையும் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் மயோனைஸ். பச்சை முட்டையில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடிப்பது அது. எங்கேயும் அடுப்பைப் பார்ப்பதில்லை. பாண்டிச்சேரியில் அடித்த மயோனைஸ் நேராகக் குளிர்பெட்டிக்குப் போய், அங்கிருந்து தட்டுக்குப் போய்விடும். சேலத்தில் சித்திரை மாதம், திறந்த மண்டபத்தில், மாலை ஆறு மணிக்கு அடுக்கி வைத்த தட்டு இரவு ஒன்பது மணிக்கும் சுற்றிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானால் இன்னும் நேரமாகும். அந்த மூன்று மணி நேரத்தில் மயோனைஸுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்குத் தூக்கம் வராது.

2025 ஏப்ரல் 8 முதல் தமிழக அரசு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் ஓராண்டுக்குத் தடை போட்டது. சால்மொனெல்லா போன்ற கிருமிகள்தான் காரணம். கேரளாவும் தெலங்கானாவும் அதற்கு முன்பே தடை போட்டிருந்தன. ஷவர்மா கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். என் கருத்தைக் கேட்டால் சரியான உத்தரவுதான். இந்த வெயிலில் தெருவோர டப்பாவில் மூடி இல்லாமல் இருக்கும் மயோனைஸை நான் என் பிள்ளைக்குக் கொடுக்க மாட்டேன். முட்டை இல்லாத மயோனைஸ் பாக்கெட்டில் வருகிறதே, அதை வைத்து மிமோசா செய்யலாமே என்றார்கள். முட்டைப் பண்டத்தில் முட்டையில்லாத மயோனைஸ் போடுவதை விட, அதை மெனுவிலிருந்து எடுத்துவிடுவது கௌரவம். எடுத்துவிட்டேன்.

அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் ஜானெட் முட்டை.

ஜாக் பெப்பன் என்ற சமையல்காரரைத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். 1935இல் பிரான்ஸில் பூர்க்-ஆன்-ப்ரெஸ் என்ற ஊரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில் ஒரு ஓட்டல் அடுப்படியில் எடுபிடியாகச் சேர்ந்து, பாரிஸ் போய், தெ கோலுக்கே சமைத்து, 1959இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர். அங்கே கென்னடி வீட்டு அடுப்படிக்குக் கூப்பிட்டபோது மறுத்துவிட்டு, ஹோவர்ட் ஜான்சன் என்ற சாலையோர உணவகச் சங்கிலிக்கு வேலைக்குப் போனார். ஆயிரம் பேருக்கு ஒரே ருசியில் சமைப்பது எப்படி என்று கற்றுக்கொள்ளத்தான். கேட்டரிங்காரனாகிய எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த ஒரு முடிவால்தான். 2003இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். அதில் அம்மா ஜானெட் வீட்டில் செய்த முட்டைக்கும் இடம் கொடுத்திருக்கிறார். போரும் தட்டுப்பாடும் பார்த்த குடும்பம். கறி வாங்க முடியாத நாளில் முட்டைதான் சாப்பாடு. அதை வேறு வேறு விதமாக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டதில் ஒன்று இது.

பக்குவம் சின்னது. வேகவைத்த முட்டையை நீளவாக்கில் பாதியாக அறுத்து, மஞ்சள் கருவை எடுத்து, பொடியாக நறுக்கிய பூண்டு, பார்ஸ்லித் தழை, கொஞ்சம் பால், உப்பு, மிளகு சேர்த்துப் பிசைய வேண்டும். திரும்ப வெள்ளைக்குள் அடைக்க வேண்டும். பிறகுதான் வித்தியாசம். அடைத்த பக்கம் கீழே இருக்கும்படி எண்ணெயில் கவிழ்த்து வைத்துச் சிவக்க விடுவது. மிச்சம் இருக்கும் மஞ்சள் கருக் கலவையில் கடுகு விழுது, எண்ணெய், தண்ணீர் விட்டு அடித்தால் அதுவே சாஸ். பச்சை முட்டை எங்கேயும் கிடையாது. சூடாகச் சாப்பிடுவது. மயோனைஸ் உத்தரவும் என் ஊர் நாக்கும் கேட்ட இரண்டும் இதில் இருந்தன.

இன்னொன்றும் எனக்குப் பிடித்தது. பூர்க்-ஆன்-ப்ரெஸ் சாதாரண ஊரில்லை, கோழி ஊர். ப்ரெஸ் கோழி என்று வெள்ளை இறகும் நீலக் காலும் சிவப்புக் கொண்டையுமாக, அவர்கள் தேசியக் கொடியின் மூன்று நிறமும் உடம்பிலேயே உள்ள கோழி. 1957இல் அதற்கென்று தனிச் சட்டமே போட்டு, இந்த எல்லைக்குள் வளர்ந்ததற்கு மட்டுமே இந்தப் பெயர் என்று காப்புக் கொடுத்தார்கள். ஒரு கோழிக்குப் பத்துச் சதுர மீட்டர் புல்வெளி விட வேண்டும் என்பது விதி. மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் தன் கூண்டு வரிசைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "அத்தனை எடத்துல நா கல்யாண மண்டபமே கட்டிப்புடுவேன் மாப்ள" என்றார். அவர்களுடையது கறிக்கோழி, நம்முடையது முட்டைக்கோழி. அவர்களுடையது மேய்வது, நம்முடையது கூண்டில் நிற்பது. ஆனால் கோழியைச் சுற்றியே சம்பாத்தியம், கோழியைச் சுற்றியே பேச்சு என்பதில் இரண்டு ஊரும் ஒன்று.

செய்ய ஆரம்பித்தால் முதல் தொல்லை உரிப்பதில் வரும். இது வெளியூர்க்காரருக்குப் புரியாது. நமக்குக் கிடைக்கிற முட்டை மிகவும் புதுசு. இன்றைக்குப் பண்ணையில் பொறுக்கியது நாளைக்கு ஃபேர்லேண்ட்ஸ் கடையில் இருக்கிறது. புது முட்டையை வேகவைத்தால் ஓட்டோடு வெள்ளையும் பிய்ந்து வரும். குழம்பில் போடுவதானால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அடைத்து வைக்கும் பண்டத்துக்கு வெள்ளைக்கரு கிண்ணம் மாதிரி வழவழப்பாக வர வேண்டும். குழி விழுந்தால் அது விற்காது.

காரணம் இதுதான். இட்ட முட்டையின் வெள்ளைக்கருவில் கரியமிலவாயு கரைந்திருக்கும். நாள் ஆக ஆக அது ஓட்டின் நுண்துளை வழியாக வெளியேறும். அப்போது வெள்ளைக்கருவின் பி.எச். அளவு 7.6இலிருந்து 9க்கு மேல் ஏறும். குறைவாக இருக்கும்போது வெள்ளைக்கரு உள்சவ்வோடு ஒட்டிக்கொள்கிறது, ஏறியபின் விட்டுக்கொடுக்கிறது. அகன்ற முனையில் இருக்கும் காற்றறையும் நாளாக நாளாகப் பெரிதாகும், விரல் நுழைக்க இடம் கிடைக்கும். ஆகவே எனக்கு வேண்டியது ஒரு வாரம் பத்து நாள் குளிர்பெட்டியில் இருந்த முட்டை.

இதை மாமாவிடம் கேட்டதுதான் வேடிக்கை. "ஊரே புது முட்டை குடுங்கன்னு நிக்குது, நீ பழசு கேக்கறியா? யாராச்சும் கேட்டா என் பண்ணை மானம் போயிரும்" என்றார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். அட்டை அட்டையாகப் புதுசாகவே வாங்கிக்கொள், தேதி எழுதி நீயே வைத்துக்கொள். முப்பது முட்டை கொண்ட அட்டை ஒவ்வொன்றிலும் இப்போது மார்க்கர் பேனாவில் தேதி எழுதி அடுக்குகிறேன். சந்தேகம் வந்தால் தண்ணீரில் போட்டுப் பார்ப்பேன். அடியில் படுத்துக் கிடந்தால் புதுசு, அகன்ற முனை தூக்கிச் சாய்ந்து நின்றால் என் வேலைக்குச் சரி, மிதந்தால் குப்பைக்கு.

வேகவைப்பதற்கு நான் தண்ணீரில் போடுவதை விட்டுவிட்டேன். இட்லிக் கொப்பரையில் ஆவியில் வைப்பதுதான் என் முறை. ஆவி நன்றாக வந்த பிறகு இட்லித் தட்டுக் குழியில் முட்டையைப் படுக்க வைத்து மூடினால் பன்னிரண்டு நிமிடம். சட்டென்று சூடு ஏறுவதால் வெள்ளைக்கரு சவ்விலிருந்து விலகிப்போகும். குழிக்குள் உருளாமல் கிடப்பதால் ஓடும் கீறாது. எடுத்தவுடன் ஐஸ் தண்ணீர். சேலத்தில் மே மாதம் குழாயைத் திறந்தால் வருவது டீ போடலாம் போலச் சுடும். ஐஸ் இல்லாமல் சரிப்படாது. சூடு உள்ளேயே நின்றால் மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் விழும். வெள்ளைக்கருவின் கந்தகமும் மஞ்சள் கருவின் இரும்பும் சேர்ந்து செய்யும் வேலை அது. கெடுதல் இல்லை, ஆனால் பார்க்கிறவர் முகம் சுளிப்பார், வாடையும் கூடும்.

மஞ்சள் கரு ஓரத்தில் ஒதுங்கி நிற்பதும் ஒரு தொல்லை. ஒரு பக்கச் சுவர் காகிதம் போல ஆகி, அடைக்கும்போது கிழியும். அதற்கு வேலைக்கு முந்தின இரவே அட்டையைப் பக்கவாட்டில் திருப்பி வைத்துவிடுவேன். கரு நடுவுக்கு வரும். அறுப்பதற்குக் கத்தி வேண்டாம், தையல் நூல். கல்யாணப் பிரியாணி மாஸ்டர்கள் காலகாலமாக நூலில்தான் அறுக்கிறார்கள். கத்தியில் கரு ஒட்டி இழுத்துக்கொண்டு வரும், நூலில் வராது. பாண்டிச்சேரியில் இருந்த அண்ணன் இதைப் பார்த்திருந்தால் என்னைக் கொஞ்சம் மதித்திருப்பார்.

கருவின் நிறத்தைப் பற்றியும் கேட்பார்கள். கூண்டுக்கோழி முட்டையின் கரு வெளிறி இருக்கிறதே, நாட்டுக்கோழி முட்டை போடலாமே என்று. நாட்டுக்கோழியில் சிறுவிடை முட்டை சின்னது; வெள்ளை குறைவு, கரு பெரிது. அடைக்கக் கிண்ணம் இருக்காது. விலையும் கட்டாது. நிறம் என்பது தீவனத்தில் உள்ள மக்காச்சோளத்தின் நிறம். ருசியை அதை வைத்துச் சொல்வது பாதி நம்பிக்கை. பூண்டும் மிளகும் சேர்ந்து எண்ணெயில் சிவந்தபின் கண்ணை மூடிக்கொண்டு இது நாட்டுக்கோழி, இது பண்ணை என்று சொல்கிற ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

உள்ளே வைப்பதில் நான் செய்த மாற்றம் குறைவு. பார்ஸ்லி சேலத்தில் வாடி வரும், விலையும் அதிகம். கொத்தமல்லித் தழையைத் தண்டோடு நறுக்கிப் போடுகிறேன். பிரெஞ்சு நாக்குக்கு அது வேறு பண்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜானெட் அம்மாவும் தோட்டத்தில் இருந்ததைத்தான் போட்டிருப்பார். மிளகு கொல்லிமலை மிளகு. நாமக்கல் மாவட்டத்துக்குள்ளேயே விளைகிற இந்தச் சரக்கை விட்டுவிட்டு வேறு மிளகு வாங்குவது பாவம். பூண்டு லீ பஜாரிலிருந்து. அதை அரைக்கக் கூடாது, நசுக்கவும் கூடாது. பொடியாக நறுக்க வேண்டும். அரைத்த பூண்டு கல்லில் கருகிக் கசக்கும். நிறைய பேர் இதில் பச்சை மிளகாயும் வெங்காயமும் போட்டுத் தரச் சொல்வார்கள். போட்டால் அது முட்டைப் பொரியல் ஆகிவிடும். போடுவதில்லை. கவுச்சியை அடக்க வெங்காயம் தேவையில்லை, பூண்டும் மிளகும் போதும். பால் ஒரு முட்டைக்கு ஒரு சின்னக் கரண்டிக்கு மேல் வேண்டாம். கலவை உருண்டை பிடிக்கும் பதத்தில் இருக்க வேண்டும். தளர்ந்தால் கல்லில் வழிந்து ஒட்டும்.

கருவை எடுத்தபின் மசிப்பதற்கு டீ வடிகட்டியே போதும் என்று வீட்டில் செய்பவர்களுக்குச் சொல்வேன். முள்கரண்டியில் மசித்தால் கட்டி நிற்கும், கட்டி நின்ற இடத்தில் சிவக்காது. எல்லாவற்றையும் அடைத்துவிடவும் கூடாது. சாஸுக்கென்று இரண்டு மூன்று கரண்டி எடுத்து வைக்க வேண்டும்.

வறுப்பதற்கு இரும்புத் தோசைக்கல். எண்ணெய் கடலெண்ணெய்தான், அதில் எனக்குச் சமரசம் இல்லை. பெப்பனும் நிலக்கடலை எண்ணெய் இருந்தால் நல்லது என்கிறார். இது ஆச்சரியமாகத் தோன்றலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நம் தென்னார்க்காட்டு நிலக்கடலை பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் கப்பலாகப் போனது. நாம் அனுப்பிய கடலையில் அவர்கள் முட்டை வறுத்தார்கள், அந்தப் பக்குவம் சுற்றி வந்து ஃபேர்லேண்ட்ஸில் மறுபடி செக்கு எண்ணெயில் இறங்குகிறது. இதை யோசித்துக்கொண்டே வறுத்தால் பூண்டு கருகிவிடும் என்பதும் உண்மை.

கல் நன்றாகக் காய்ந்தபின் தீயை நடுத்தரமாக்கி, அடைத்த பக்கத்தைக் கவிழ்த்து வைத்து, தொடாமல் இரண்டு மூன்று நிமிடம். வேலைக்குப் புதிதாக வந்த பையன்கள் செய்யும் முதல் காரியம் கரண்டியை விட்டு நகர்த்திப் பார்ப்பது. நகர்த்தினால் கலவை கல்லோடு நின்றுவிடும், வெள்ளை மட்டும் கையோடு வரும். பொன்னிறம் ஏறினால் தானாக விடும். வெள்ளைப் பக்கத்தைத் திருப்பி வறுக்கவே கூடாது, ரப்பராகிவிடும். இருநூறு பேர் வரவேற்பு என்றால் முன்கூட்டியே அடைத்துக் குளிர்பெட்டியில் தட்டுத் தட்டாக அடுக்கிவிட்டு, மண்டபத்திலேயே கல்லைப் போட்டு வறுத்துத் தருவேன். சுற்றி நிற்கும் கூட்டமே விளம்பரம்.

சாஸில்தான் நேரம் பிடிக்கும். டிஜோன் கடுகு பாட்டிலில் கிடைக்கிறது, ஆனால் அதில் இருப்பதும் நம் ரசத்துக்குத் தாளிக்கும் கடுகின் இனம்தான். நாம் கடுகை எண்ணெயில் வெடிக்க விடுகிறோம். சூடு பட்டதும் அதன் காரத்தை உண்டாக்கும் நொதி செத்துப்போகிறது. ஆறிய தண்ணீரில் ஊறவைத்து அரைத்தால்தான் மூக்கில் ஏறும். இரவு ஊறவைத்து, காலையில் கொஞ்சம் வினிகரும் உப்பும் விட்டு அரைத்து வைத்துவிடுவேன். அன்றைக்கு நாக்கில் வைத்தால் கசக்கும். ஓரிரு நாள் போனால் கசப்பு அடங்கிக் காரம் மட்டும் நிற்கும். எடுத்து வைத்த கருக் கலவையில் இதைக் குழைத்து, எண்ணெயை மெல்ல விட்டு அடித்து, தண்ணீர் தெளித்து இளக்கினால் மயோனைஸ் போலவே பிடிக்கும். வெந்த மஞ்சள் கருவே எண்ணெயையும் தண்ணீரையும் கட்டிப்போடுகிறது. பிரெஞ்சு அடுப்படியில் க்ரிபிஷ் என்ற சாஸும் இதே தந்திரத்தில்தான் நிற்கிறது. தடை வந்தபோது மயோனைஸுக்கு மாற்று இல்லை என்று புலம்பியவர்கள் இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கலாம்.

விற்பனை எப்படி என்று கேட்பீர்கள். வெள்ளி, சனி, அமாவாசை, கிருத்திகை நாட்களில் விற்காது. புரட்டாசி முழுக்க மெனுவிலிருந்து எடுத்துவிடுகிறேன். அந்த மாதம் நாமக்கல்லில் முட்டை தேங்கும், விலை இறங்கும்; அறிவித்த விலையிலிருந்து 'மைனஸ்' போட்டுக் கேட்பார்கள் வியாபாரிகள். மாமா போனில் பேசும் குரலிலேயே மாதம் தெரிந்துவிடும். மற்ற நாளில் நன்றாகப் போகிறது. என் கடைப் பையன் ஒருவன் தட்டுவடை மேல் இதை வைத்துக் கொடுக்கலாம் என்று யோசனை சொன்னான். அடியில் தட்டுவடை, மேலே முட்டை, அதன் மேல் கடுகு சாஸ், பீட்ரூட் துருவல். சாரதா கல்லூரிப் பிள்ளைகளிடம் அது பறக்கிறது. விற்கிறேன். ஆனால் அதை நான் ஜானெட் முட்டை என்று சொல்வதில்லை. மொறுமொறுப்பில் பூண்டு வாசம் அடிபட்டுப் போகிறது.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு முட்டை மேல் இருக்கும் மரியாதைக் குறைவு எங்கிருந்து வந்தது என்று நான் யோசிப்பதுண்டு. மலிவாகக் கிடைப்பது ஒரு காரணம். அதோடு என் வயதுக்காரர்களுக்கு முட்டை என்பது பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று வாங்கியது. 1989இல் சத்துணவில் முட்டை வந்தபோது இரண்டு வாரத்துக்கு ஒன்று. பிறகு வாரம் ஒன்றாகி, 2010இல் வாரம் ஐந்து ஆனது. இரண்டு வாரத்துக்கு ஒன்று வந்த காலத்தில் அதைச் சாப்பிடாமல் டிராயர் பையில் போட்டு வீட்டுக்குத் தங்கச்சிக்குக் கொண்டுபோன பிள்ளைகள் உண்டு. அப்போது முட்டைக்கு மரியாதை இருந்தது. இன்றைக்கு ஃபேர்லேண்ட்ஸில் அதே ஆள் ரெண்டு முட்டைக்கு இவ்வளவா என்கிறார். அவர் கேட்பது முட்டையின் விலை. நான் வாங்குவது ஒரு வாரம் வைத்திருந்த குளிர்பெட்டிக்கும், ஐஸுக்கும், நூல் பிடித்த கைக்கும், கல்லின் முன்னால் தொடாமல் நின்ற பொறுமைக்கும். இதை அவரிடம் சொல்வதில்லை. சாஸை இன்னொரு கரண்டி விடுகிறேன்.

நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கும் வியாபாரிகளுக்கும் என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள் இருக்கிறது. ஐரோப்பாவில் ஒவ்வொரு முட்டையிலும் எந்த நாடு, எந்தப் பண்ணை, கூண்டிலா வெளியிலா என்று குறியீடு குத்தியிருப்பார்கள். பூஜ்யம் என்றால் இயற்கை முறை, மூன்று என்றால் கூண்டு. நமக்கு அவ்வளவு வேண்டாம். அட்டையின் ஓரத்தில் இட்ட தேதியை மட்டும் குத்திக் கொடுங்கள். சத்துணவுக்குப் போகும் முட்டையில் முத்திரை குத்தத் தெரிந்த ஊர்தானே இது. புதுசு வேண்டியவர் புதுசை எடுத்துக்கொள்வார், கெட்டது எது என்று வீட்டுக்காரருக்குத் தெரியும், என்னைப் போன்ற நாலு பேர் பத்து நாள் ஆனதைத் தேடி எடுத்துக்கொள்வோம். அதற்காக அட்டைக்கு ஒரு ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கிறேன்.